கூர் தைத்ததும் பக்கம் மோதியதும்

தய்யி குலத்தின் தலைவர் அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டையிலேயே வளர்ந்தவர்கள். கொடைக்குப் பெயர்போன ஹாத்திம் தாயின் மகன் என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உடனே விளங்கும். கிறிஸ்தவராக இருந்து பின்னர் இஸ்லாத்தைத் தழுவிய அவர்கள், நபி (ஸல்) அவர்களிடம் கேட்ட கேள்விகளில் பல வேட்டையைப் பற்றியவை. பழக்கிய நாயை ஏவும்போது வேறொரு நாயும் உடன் சேர்ந்துகொண்டால் என்ன செய்வது, பிடித்த பிராணியை நாயே தின்னத் தொடங்கிவிட்டால் அதை உண்ணலாமா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டார்கள். அந்த வரிசையில் ஒன்று 'மிஃராள்' பற்றிய கேள்வி.

மிஃராள் என்பது என்ன என்பதில் அரபு மொழி வல்லுநர்களிடையே பல விளக்கங்கள் உண்டு. இறகும் இரும்பு முனையும் இல்லாத அம்பு என்பர் சிலர். நுனியில் கூர் உள்ள கனத்த கோல் என்பர் வேறு சிலர். எதுவாயினும் அதற்கு இரண்டு குணங்கள் இருந்தன. நேராகச் சென்றால் நுனி தைக்கும். புரண்டு சென்றால் பக்கம் மோதும். அதன் கூர் தைத்துக் கொன்றதை உண்ணலாம், அதன் பக்கம் மோதிக் கொன்றதோ அடிபட்டுச் செத்த பிராணி, அதை உண்ணலாகாது என்பதே நபி (ஸல்) அவர்கள் தந்த விடையின் கருத்து. புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, நபித்தோழர்கள் கண்டிராத ஒரு கண்டத்தில், அவர்கள் கண்டிராத ஒரு பறவையை முன்வைத்து இதே கேள்வி எழுகிறது. அமெரிக்கக் காடுகளில் வசந்த காலம் வந்தால் வான்கோழி வேட்டைப் பருவம் தொடங்கும். வில்லேந்திச் செல்வோர் அம்பின் நுனியில் எந்த முனையைப் பொருத்துவது என்று ஆண்டுதோறும் விவாதிக்கிறார்கள். அங்கே குடியேறி வாழும் முஸ்லிம் குடும்பத்து இளைஞனுக்கு இவ்விவாதம் வெறும் கருவி பற்றியதன்று. அந்தப் பறவை வீட்டுச் சமையலறைக்குள் நுழையலாமா என்பதே அதில் அடங்கியிருக்கிறது. இந்தக் கேள்வி நடந்துவந்த வழியைப் பார்ப்போம்.

அல்மாயிதா அத்தியாயத்தின் மூன்றாம் வசனம் விலக்கப்பட்டவற்றை வரிசைப்படுத்துகையில், தானாகச் செத்ததோடு கழுத்து நெரிந்து செத்தது, அடிபட்டுச் செத்தது, உயரத்திலிருந்து விழுந்து செத்தது, கொம்பால் முட்டுண்டு செத்தது ஆகியவற்றையும் சேர்க்கிறது. இவற்றுள் அடிபட்டுச் செத்ததற்கு அரபியில் 'மவ்கூதா' என்று பெயர். கல்லாலோ தடியாலோ ஒரு பிராணியை அடித்தால் அது சாகும். ஆயினும் உடல் கிழிபடாது, இரத்தம் வெளியேறாது. வீட்டு விலங்கை அறுக்கும்போது கழுத்தில் கத்தி செய்கிற வேலையை, எட்டாத் தொலைவில் ஓடும் பிராணியிடம் அம்பின் முனை செய்ய வேண்டும். எவ்வளவு பலமாக அடித்தது என்று ஃபிக்ஹ் கேட்பதில்லை. கிழித்ததா, துளைத்ததா என்றுதான் கேட்கிறது.

வேட்டையின் அடுத்த கட்டத்தையும் அதீ (ரலி) அவர்கள் விட்டுவைக்கவில்லை. அம்பு பட்ட பிராணி தப்பி ஓடி, ஒன்றிரண்டு நாள் கழித்துச் செத்துக் கிடந்தால்? அதன் உடலில் தன் அம்பின் காயத்தைத் தவிர வேறு எந்தக் காயமும் இல்லையென்றால் உண்ணலாம். நீரில் விழுந்து கிடந்தால் உண்ணக் கூடாது. கொன்றது அம்பா, நீரா என்பது தெரியாது. பிற்காலச் சட்ட அறிஞர்கள் இதிலிருந்து பறவைகளுக்கான விதியை நுணுக்கமாக வகுத்தார்கள். வானில் பறக்கும்போது அம்பு தைத்து நேராகத் தரையில் விழுந்து இறந்தால் அது ஹலால். பறவை விழாமல் வேறு வழியில்லை. மரத்திலோ மலையிலோ விழுந்து, அங்கிருந்து உருண்டு கீழே வந்து இறந்தால், விழுந்து செத்ததோ என்ற ஐயம் அதில் கலந்துவிடுகிறது. வான்கோழி இரவில் மரக்கிளையில் அடையும் பறவை என்பதை இவ்விடத்தில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கூர் இல்லாத எறிபொருள்களின் வரலாறு தனியானது. அரபியில் 'புந்துக்' என்றால் சுட்ட களிமண் உருண்டை. அதை எறிவதற்கென்றே தனி வகை வில் இருந்தது. நம் ஊர் உண்டிவில்லின் உறவு என்று கொள்ளலாம். உருண்டையால் கொல்லப்பட்டது மவ்கூதாதான் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் சொன்னதை இமாம் புகாரீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். ஹஸன் அல்பஸ்ரீ (ரஹ்) அவர்கள் ஊருக்குள்ளும் நகரத்திற்குள்ளும் உருண்டை எறிவதை வெறுத்தார்கள். வெளியிடங்களில் அதைக் குற்றமாகக் கருதவில்லை. யார் தலையில் விழுமோ என்ற கவலைதான். கல் சுண்டி எறிவதைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததும் இக்காரணத்தால்தான்: அது வேட்டைப் பிராணியையும் கொல்லாது, பகைவனையும் வீழ்த்தாது, பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும்.

மதீனாவில் செல்வம் பெருகியபோது முதலில் தலைகாட்டிய தீமைகள் புறா விடுவதும் உருண்டை வில் எய்வதுமே என்று தபரீயின் வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. உஸ்மான் (ரலி) அவர்கள் தம் ஆட்சியின் 8ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒருவரை நியமித்தார்கள். அவர் புறாக்களின் இறகை வெட்டி, உருண்டை வில்களை உடைத்தார்.

ஆனால் உடைத்த வில் மறுபடி முளைத்தது, அதுவும் அரண்மனையிலேயே. 1180 முதல் 1225 வரை பாக்தாதில் ஆண்ட அப்பாஸியக் கலீஃபா அந்நாஸிர் இந்த விளையாட்டில் பெருமோகம் கொண்டார். நாரை, வாத்து, கழுகு என 14 வகைப் பறவைகள் எய்வோரின் மதிப்புப் பட்டியலில் இருந்தன. ஒருவர் எந்தப் பறவையை வீழ்த்தினார், யார் பெயருக்கு அதை அர்ப்பணித்தார் என்பதெல்லாம் சாட்சிகளோடு பேசப்பட்டன. எய்பவர் அனைவரும் தம் பெயராலேயே எய்ய வேண்டும் என்று கலீஃபா ஆணையிட்டார். பிற நாட்டு அரசர்களும் இணங்கினார்கள். பாக்தாதைச் சேர்ந்த ஒரேயொரு மனிதர் மட்டும் இணங்காமல் சிரியாவுக்கு ஓடிப்போனதாக வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் எழுதுகிறார். பொருள் தருவதாக ஆசை காட்டியும் அவர் மசியவில்லை. உலகமே கலீஃபாவுக்காக எய்கையில் தான் ஒருவன் மட்டும் எய்யாததே தனக்குப் போதுமான பெருமை என்று கருதினாராம். கலீஃபா தம் நாட்களை இப்படிச் செலவிட்டதை இப்னுல் அஸீர் கடுமையாகக் குறை கூறுகிறார். அக்குறையில் நியாயம் இருப்பதாகவே நமக்கும் படுகிறது.

எகிப்திலும் சிரியாவிலும் மம்லூக் ஆட்சிக் காலத்தில் சுல்தானின் உருண்டை வில்லைச் சுமந்து செல்வதே ஓர் அரசுப் பதவியாக இருந்தது. அப்பதவி வகித்தவரை 'புந்துக்தார்' என்றார்கள். புகழ்பெற்ற சுல்தான் பைபர்ஸ் இளமையில் அத்தகைய ஒரு புந்துக்தாரின் அடிமையாக இருந்தவர். அதனால்தான் அவர் பெயரோடு 'அல்புந்துக்தாரீ' என்ற அடையும் ஒட்டிக்கொண்டது. அவர் ஆண்ட 1260–1277 காலத்தில்தான் திமிஷ்கில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிம் தொகுப்புக்கு விரிவுரை எழுதினார்கள். பைபர்ஸுக்கே அஞ்சாமல் கடிதம் எழுதிய அவர்கள், மிஃராள் பற்றிய ஹதீஸுக்கு விளக்கம் எழுதுகையில் கருத்து வேறுபாட்டையும் மறைக்கவில்லை. மக்ஹூல், அவ்ஸாஈ முதலிய சிரிய அறிஞர்கள் மிஃராளும் உருண்டையும் கொன்றதை எவ்வாறாயினும் அனுமதித்தார்கள் என்பதைக் குறிப்பிட்டுவிட்டு, பெரும்பான்மை அறிஞர்கள் அதை ஏற்கவில்லை என்று எழுதினார்கள். உருண்டை பட்டு விழுந்த பறவை உயிரோடு கைக்குக் கிட்டி, அதை அறுத்துவிட்டால் அதில் ஐயமே இல்லை. அரசவையில் அந்த வில்லுக்கு எத்தனை மதிப்பு இருந்தபோதும், அது கொன்ற பறவையின் சட்டம் மாறவில்லை.

துப்பாக்கி வந்தபோது அரபு மக்கள் அதற்கு இட்ட பெயர் 'புந்துகிய்யா'. பெயரோடு பழைய வழக்கும் உடன் வந்தது. ஈயக் குண்டு, களிமண் உருண்டையைப் போல மோதிக் கொல்கிறதா, அம்பைப் போலத் துளைத்துக் கொல்கிறதா? திமிஷ்கின் ஹனஃபீ அறிஞர் இப்னு ஆபிதீன் (இறப்பு 1836) அதற்குக் கூர் இல்லை. வேகத்தாலும் சூட்டாலும் கொல்கிறது. எனவே ஆகாது என்றார். ஏறத்தாழ அதே காலத்தில் யமனில் வாழ்ந்த ஷவ்கானீ (இறப்பு 1834) அது உடலைத் துளைத்துச் செல்கிறது. எனவே ஆகும் என்றார். பிற்கால மாலிகீ அறிஞர்கள் பலரும் அனுமதித்தார்கள். இரு தரப்பினரும் அதீ (ரலி) அவர்களின் ஹதீஸைத்தான் கையில் வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் வான்கோழி வேட்டைக்குப் பெரிதும் பயன்படும் ஷாட்கன், ஒரே வெடிப்பில் நூற்றுக்கணக்கான சிறு குண்டுகளைச் சிதறடிப்பது. ஆகவே இந்த விவாதம் அங்கே நேரடியாகப் பொருந்துகிறது. கூரிய அம்பைப் பற்றியோ எந்த மத்ஹபிலும் கருத்து வேறுபாடு கிடையாது. பேணுதலை விரும்புவோர் வில்லைத் தேர்ந்தெடுக்க இது ஒன்றே போதிய காரணம்.

அந்தப் பறவையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். வான்கோழியின் தாயகம் வட அமெரிக்கா. மெக்சிகோவின் பழங்குடிகள் அதை வீட்டுப் பறவையாக வளர்த்தார்கள். ஸ்பானியர் வழியே 16ஆம் நூற்றாண்டில் அது உலகெங்கும் பரவியது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒவ்வொரு மொழியும் அதற்கு அயல்நாட்டுப் பெயரை இட்டது. ஆங்கிலேயர் துருக்கிப் பறவை என்றனர். துருக்கியர் இந்தியப் பறவை என்றனர். அரபு மக்களில் பலர் ரோமச் சேவல் என்கின்றனர். நம் மூதுரையில் மயிலாட்டத்தைக் கண்டு தானும் ஆடிய வான்கோழி வருகிறதே என்று கேட்கலாம். அந்நூலைக் கொலம்பஸுக்கு முற்பட்டதாகக் கொள்வோர், அது வேறொரு பறவையாகத்தான் இருக்க வேண்டும் என்பர்.

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் இப்பறவையை வியந்து எழுதியிருக்கிறார். 1612இல் முகர்ரப் கான் கோவாத் துறைமுகத்திலிருந்து வாங்கிவந்த அரிய பொருள்களுள் இதுவும் ஒன்று. அதன் தலையும் கழுத்தும் கணத்துக்குக் கணம் நிறம் மாறுவதைக் கண்டு பேரரசர் மலைத்துப் போனார். அவர் அவையின் ஓவியர் மன்ஸூர் தீட்டிய வான்கோழி இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தானியமும் கொட்டையும் பூச்சியும் தின்னும் இப்பறவை, நகத்தால் இரையைக் கிழிக்கும் பறவைகளின் வகையைச் சேர்ந்ததன்று. ஆகவே உண்ணத் தடையில்லை.

இனி முனைக்கு வருவோம். அமெரிக்காவில் வில் வேட்டை புத்துயிர் பெற்ற கதை இஷி என்ற பழங்குடி மனிதரிடமிருந்து தொடங்குகிறது. யாஹி இனத்தில் எஞ்சியிருந்த கடைசி மனிதரான அவர், 1911இல் கலிஃபோர்னியாவில் தம் மறைவிடத்தை விட்டு வெளியே வந்தார். அவருக்கு மருத்துவம் பார்த்த சாக்ஸ்டன் போப் அவரிடமே வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டார். எரிமலைக் கண்ணாடிக் கல்லைச் செதுக்கி இஷி செய்த அம்பு முனைகள் சவரக் கத்திபோல் கூரியவை. 1916இல் இஷி காலமானார். 1923இல் போப் எழுதிய வில் வேட்டை நூல் ஒரு தலைமுறையையே அக்கலையின் பக்கம் திருப்பியது. 1956இல் ஃபிரெட் பேர் என்ற வில் தயாரிப்பாளர் வெளியிட்ட 'ரேஸர்ஹெட்' முனை, கடைகளில் கிடைக்கும் எஃகு அலகு முனைகளுக்கு முன்மாதிரி ஆயிற்று.

அலகுகள் பொருத்திய இத்தகைய முனைக்கு 'பிராட்ஹெட்' என்று பெயர். அகலமான தலை என்ற பொருளைக் கண்டு மிஃராளின் பக்கவாட்டு அகலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே அகலம் என்பது வெட்டின் அகலம். வழக்கமான முனைகளின் எடை 100 அல்லது 125 கிரெய்ன். 100 கிரெய்ன் என்பது ஏறக்குறைய ஆறரை கிராம். முனை குறைந்தது முக்கால் அல்லது முக்காலே அரைக்கால் அங்குல அகலம் வெட்ட வேண்டும் என்று விதித்துள்ள மாநிலங்கள் உண்டு.

மொட்டை முனையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். முயலையும் அணிலையும் அடிக்கப் பயன்படும் ரப்பர் முனையும் கம்பிச் சுருள் முனையும் பிராணியை அதிர்ச்சியால் கொல்பவை. அதீ (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட பக்கம் மோதிய கோல் இதுதான். உயிரோடு கிடைத்து அறுத்தாலன்றி அது உணவாகாது.

பயிற்சிக்கு இலக்குப் பலகையில் எய்யும் ஊசி முனையைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. அது தைக்கிறது, துளைக்கிறது. அதனால் கொல்லப்பட்ட பறவையின் இறைச்சி ஹலால் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அது அலகால் அகலமாக வெட்டுவதில்லை. வான்கோழியின் அடர்ந்த இறகுகள் கசியும் சிறிது இரத்தத்தையும் உறிஞ்சிவிடும். மானைப் போலத் தரையில் இரத்தத் தடம் விடாது. பறவை புதருக்குள் ஓடி மணிக்கணக்கில் துடித்துச் சாகும், எய்தவனுக்கும் கிட்டாது. இறைச்சியின் சட்டமும் செயலின் சட்டமும் இங்கே பிரிகின்றன. எதிலும் செம்மையைக் கடைப்பிடிக்கவும், அறுக்கும்போது கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு நோவைக் குறைக்கவும் கட்டளையிட்ட நபிமொழியை ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஊசி முனையோடு வான்கோழி வேட்டைக்குப் போவது அக்கட்டளையை மறந்துவிட்டுப் போவதாகும்.

மிஞ்சுவது மூன்று வகை. அசையாத அலகு கொண்ட நிலை முனையில் பழுதாக ஏதுமில்லை. எலும்பையும் ஊடுருவிச் செல்லும். ஆனால் அகலம் குறைவு; வான்கோழியின் இதயமும் ஈரலும் அடங்கிய பகுதியோ ஒரு கைப்பிடி அளவுதான். தைக்கும்போது விரியும் அலகு முனை ஒன்றரை, இரண்டு அங்குலம் வரை வெட்டுவதால் குறி சிறிது தவறினாலும் பறவை விரைவில் விழும். விரிவதற்கே சிறிது விசை செலவாகிவிடுவதால், இழுவிசை குறைந்த வில்லோடு அது அவ்வளவாகச் சேராது. பழகிய காம்பவுண்ட் வில்லும் கூரான விரி அலகும் இருந்தால் வான்கோழிக்கு அதுவே ஏற்றது என்பது நம் எண்ணம். அலகு விரியாமல் போனாலும் கூர் தைத்திருப்பதால் இறைச்சியில் ஐயமில்லை.

மூன்றாவது வகைதான் நம்மை நெடுநேரம் நிறுத்தியது. நான்கு நீண்ட அலகுகள் சிலுவைபோல் விரிந்து நிற்கும் அந்தப் பெரிய முனை, பறவையின் கழுத்தை நோக்கி எய்வதற்கென்றே செய்யப்பட்டது. பட்டால் தலை துண்டாகும். தவறினால் பறவைக்குக் காயமே இராது. காயத்தோடு தப்பி ஓடும் துன்பம் பெரும்பாலும் இல்லை என்பதால் இரக்கத்தின் பக்கம் இது சாய்வதாகத் தோன்றும். தலை துண்டானால் உண்ணலாமா? உயிருள்ள பிராணியிலிருந்து வெட்டப்பட்ட உறுப்பு செத்த பிராணியின் கணக்கில் சேரும் என்பது நபிமொழி. ஆயினும் வேட்டையில் ஒரே வெட்டில் தலை போய் உயிரும் உடனே போய்விட்டால் முழுவதும் உண்ணத்தக்கதே என்று ஹனஃபீகளும் ஷாஃபிஈகளும் கூறுகிறார்கள். ஐயம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அலகுகளுக்கு நடுவே உள்ள தண்டு கழுத்தில் மோதி, வெட்டுப்படாமல் கழுத்தெலும்பு முறிந்து பறவை விழுந்துவிடக்கூடும். அப்போது எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய முனையானாலும் அது மிஃராளின் பக்கம்தான். எனவே பறவை விழுந்தவுடன் படம் எடுக்கக் கைபேசியைத் தேடாமல், காயத்தைத் தேட வேண்டும். தோல் கிழிந்திருக்கிறதா, இரத்தம் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அம்பை விடும் கணத்தில் பிஸ்மில்லாஹ் சொல்வது ஹனஃபீ மத்ஹபில் கட்டாயம். மறதி மன்னிக்கப்படும், வேண்டுமென்றே விட்டால் இறைச்சி ஆகாது. ஷாஃபிஈ மத்ஹபில் அது வலியுறுத்தப்பட்ட சுன்னத். பத்து அம்பு எய்தால் பத்தும் இலக்கில் படும் அளவுக்கு இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களே வில்வித்தையில் தேர்ந்திருந்தார்கள் என்பது, நம் கடற்கரை ஊர்களில் அவர்கள் வழி நடப்போருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. குறி தவறாத அளவுக்குப் பயின்ற பிறகே உயிருள்ள பறவையை நோக்கி எய்ய வேண்டும். குறி பழகுவதற்குப் பலகை இருக்கிறது. குறைஷி இளைஞர் சிலர் ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பு எய்து பழகுவதைக் கண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், உயிருள்ளதை இலக்காக்குவோரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததை எடுத்துச் சொன்னார்கள். உண்ணும் நோக்கமின்றி வீணாகக் கொல்லப்பட்ட ஒரு சிட்டுக்குருவி மறுமையில் முறையிடும் என்ற செய்தி நஸாயீயில் இருக்கிறது. உரிமமும் பருவமும் எண்ணிக்கை வரம்பும் அங்கே சட்டமாக உள்ளன. அவற்றைப் பேணுவதும் கடமைதான். இந்தியாவிலோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு உயிர்களை வேட்டையாடுவதையே தடுத்துவிட்டது.

அம்பு பட்ட வான்கோழி கால் முறிந்து, உயிரோடு சிறகடித்துக் கிடப்பது அடிக்கடி நேர்வது. அந்நிலையில் அம்பின் வேலை முடிந்துவிட்டது, அறுப்பது கடமையாகிவிடுகிறது. நேரம் இருந்தும் அறுக்காமல் சாகவிட்டால், எத்தனை சிறந்த அலகு தைத்திருந்தாலும் அது ஹலால் ஆகாது. இதையும் அதீ (ரலி) அவர்களே கேட்டுவைத்திருக்கிறார்கள். வேட்டைப் பிராணி கைக்குக் கிட்டிவிட்டது, கத்தி இல்லை, கூரிய கல்லாலோ பிளந்த மூங்கில் போன்ற குச்சியாலோ அறுக்கலாமா என்பது அவர்களின் கேள்வி. எதைக் கொண்டு முடியுமோ அதைக் கொண்டு இரத்தத்தை ஓட்டிவிட்டு அல்லாஹ்வின் பெயரைச் சொல்லும்படி விடை கிடைத்தது. பல்லும் நகமும் மட்டும் ஆகாது என்பதை ராஃபிஉ இப்னு கதீஜ் (ரலி) அவர்களின் அறிவிப்பு சேர்க்கிறது. வேட்டைக்குப் போகும் இளைஞன் அம்பு முனைகளை ஒவ்வொன்றாகத் தீட்டிப் பெட்டியில் அடுக்கும்போது, இடுப்பில் ஒரு சிறு கத்தியையும் செருகிக்கொள்ளட்டும். அதையும் தீட்டியிருக்க வேண்டும்.